பீப்பாயும் பாடத்திட்டமும்: எல்லி மானெட்டை முன்வைத்து

குடியேறிகளைப் பற்றி நல்ல மனதோடு எழுதப்படுகிற கட்டுரைகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'வளப்படுத்தினார்'. கரீபியத் தீவிலிருந்து ஒருவர் வந்தார், பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார், வந்த ஊரை வளப்படுத்தினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லுக்குள் ஒரு வாடகைக் கணக்கு ஒளிந்திருக்கிறது. வந்தவன் கையில் ஏதாவது கொண்டுவந்தால்தான் இருக்கலாம் என்கிற கணக்கு. அவன் கொண்டுவந்த பொருள் எப்படி உண்டாச்சு, அதற்காக யார் யார் அடிபட்டார்கள், அதைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு புறப்பட்ட இடத்தில் என்ன மிஞ்சியது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது. டிரினிடாட்டில் பிறந்து அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் செத்துப்போன எல்லி மானெட் என்ற மனிதரை வைத்து இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். இசையை முறையாகப் படித்தவனல்ல நான். ஆனால் மானெட் சொல்லிக்கொடுத்ததில் பாதி இசை, பாதி கொல்லுவேலை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அவர் வாத்தியம் ஸ்டீல்பான். டிரினிடாட்காரர்கள் சுருக்கமாக 'பான்' என்பார்கள். எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைக் குழியாக அடித்து, அந்தக் குழிக்குள் சிறு சிறு புடைப்புகளாகச் சுரங்களை எழுப்பி, ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டி வாசிப்பது. நம்மூரில் ரோடு போடுகிற இடத்தில் கிடக்குமே தார் டிரம், ஏறக்குறைய அதே அளவு: அமெரிக்கக் கணக்கில் 55 காலன், நம் கணக்கில் இருநூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இருபதாம் நூற்றாண்டில் மின்சாரத்தின் துணையில்லாமல் பிறந்த பெரிய வாத்தியம் இது ஒன்றுதான் என்று டிரினிடாட்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு முன்னால் ஒரு நீண்ட தடைக் கதை இருக்கிறது.

அடிமை முறை 1838இல் முழுசாக முடிந்த பிறகு டிரினிடாட்டின் கறுப்பின மக்கள் தங்கள் விடுதலையைத் தீப்பந்தமும் முழவுமாகத் தெருவில் கொண்டாடினார்கள். கரும்புத் தோட்டம் தீப்பிடிக்கிறபோது அடிமைகளைக் கொம்பூதி விரட்டிக்கொண்டுபோன நினைவைத்தான் அவர்கள் ஊர்வலமாக மாற்றியிருந்தார்கள். அதன் பெயர் கேம்பூலே. 1881இல் காப்டன் பேக்கர் என்ற போலீஸ் அதிகாரி போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அதை நிறுத்தப் பார்த்தபோது பெரிய கலவரமானது. 1884இல் பொது அமைதி காக்கும் சட்டம் என்ற பெயரில் பந்தத்துக்கும் முழவுக்கும் தடை வந்தது.

இதே 1884இல்தான் இன்னொன்றும் நடந்தது. அது நம்மோடு சம்பந்தப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் மொஹரத்தை அங்கே 'ஹோசே' என்ற பெயரில் கொண்டாடினார்கள். இந்து, முஸ்லிம் வித்தியாசம் இல்லாமல் தாஷா அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அக்டோபர் 30ஆம் தேதி சான் ஃபெர்னாண்டோ ஊருக்குள் நுழையக்கூடாது என்ற உத்தரவை மீறிப் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது பதினாறு பேர் செத்தார்கள், நூற்றுக்கும் மேல் காயம். டிரினிடாட்டுக்குப் போன கூலிகளில் பெரும்பாலோர் வடக்கத்தியர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழர், தெலுங்கர் சிறுபான்மைதான். ஆனால் அந்தச் சிறுபான்மை கொண்டுபோன தப்பு, கயானாவிலும் டிரினிடாட்டிலும் காளி மாயி வழிபாட்டில் தன் பெயரைக்கூட இழக்காமல் இன்றைக்கும் அடிக்கப்படுகிறது. அந்தத் தீவில் முழவு என்பது ஒரே ஆண்டில் இரண்டு இனத்தாருக்கும் குற்றமாக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் பான் 'கறுப்பர்களுடையது', தாஷா 'இந்தியர்களுடையது' என்று பிரித்து அரசியல் செய்தவர்களுக்கு இது வசதியாக மறந்துபோச்சு.

தோல் கூடாது என்றால் மூங்கில். வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கிலைத் தரையில் குத்தி எழுப்புகிற 'தாம்பூ பாம்பூ' வந்தது. 1930களின் கடைசியில் மூங்கிலோடு பிஸ்கட் தகரம், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி, மோட்டார் வண்டியின் பிரேக் உருளை எல்லாம் சேர்ந்தன. அடிக்க அடிக்கத் தகடு நசுங்கியது, நசுங்கிய இடம் வேறு ஒலி கொடுத்தது. இப்படி ஒலிக்கிறதே என்று யாரோ ஒரு பையன் கவனித்தான். அந்தப் பையன் யார் என்பதில் சண்டை இன்றுவரை ஓயவில்லை. லாவென்டில், ஜான் ஜான், வுட்புரூக் என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மூலவர் உண்டு. யாருக்குப் பட்டம் என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு அக்கறையில்லை. ஒரு தலைமுறையே சேர்ந்து, ஒருவனைப் பார்த்து இன்னொருவன் திருத்தி, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் செய்து முடித்த காரியம் அது.

அந்தத் தலைமுறையில் ஒருவர்தான் மானெட். 1927இல் பிறந்தவர், இயந்திரப் பட்டறையில் தொழில் கற்றவர். வுட்புரூக்கில் ஓவல் கிரிக்கெட் மைதானத்துக்கு எதிர்ப்புறம் 'இன்வேடர்ஸ்' என்ற குழு அவருடையது. பெயர் சினிமாவிலிருந்து எடுத்தது. அக்காலக் குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: காஸாபிளாங்கா, டோக்கியோ, டெஸ்பெரடோஸ், ரெனகேட்ஸ். எல்லாம் ஹாலிவுட் போஸ்டரும் போர்ச் செய்தியும் கலந்த பெயர்கள். பெயருக்கு ஏற்றபடி அடிதடியும் இருந்தது. குழுவுக்குக் குழு கத்தி, பாட்டில், கல். பான் அடிப்பவன் என்றால் போக்கிரி என்று அர்த்தம். 'நல்ல வீட்டுப் பிள்ளைகள்' அந்தப் பக்கம் போகக்கூடாது. பெண்கள் என்றால் பேச்சே இல்லை. 1951இல் ஹேஸல் ஹென்லி என்கிற ஆசிரியை 'கேர்ள் பேட்' என்று பெண்கள் மட்டுமே வாசிக்கும் குழுவை ஆரம்பித்தது அந்தச் சூழலில் எத்தனை துணிச்சல் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மானெட் செய்த முக்கியமான காரியம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது, வெளிப்பக்கமாகப் புடைத்திருந்த வாத்தியத்தை உள்பக்கமாகக் குழித்தது. புடைத்த தகட்டில் இடம் குறைவு, சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கிண்ணம் மாதிரிக் குழித்தால் பரப்பு கூடுகிறது, நிறைய சுரம் அடங்குகிறது. பிறகு சிறிய தகரத்தை விட்டு முழுப் பீப்பாய்க்கு மாறினார். பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. எண்ணெய் எடுக்கும் தீவு அது. போதாததற்கு 1941 முதல் சாகுவாரமஸில் அமெரிக்கக் கடற்படைத் தளம். ஏகாதிபத்தியம் குடித்துவிட்டுப் போட்ட டப்பா என்று எழுதினால் நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வாக்கியம் சுத்தியல் பிடித்த கையை மறைத்துவிடும். கொஞ்சம் அந்தக் கையைப் பார்ப்போம்.

பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் நடு நோக்கிச் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். மேல் ஸ்தாயி வாசிக்கிற வாத்தியத்துக்கு ஏறக்குறைய எட்டு அங்குல ஆழம். ஓர் இடத்தில் கூடுதலாக அடித்தால் தகடு கிழிந்துவிடும், அத்தனை வேலையும் வீண். குழித்த பிறகு சுரங்களின் எல்லையை வரைந்து, முனை மழுங்கிய உளியால் அந்தக் கோட்டில் வரிசையாகத் தட்டிப் பள்ளம் போடுகிறார்கள். ஒரு சுரத்தின் அதிர்வு பக்கத்துச் சுரத்துக்குத் தாவாமல் இருக்க இந்த வரப்பு. பிறகு பக்கச் சுவரைத் தேவையான உயரத்துக்கு வெட்டுகிறார்கள். மேல் ஸ்தாயிக்குச் சில அங்குலம் போதும், பாஸ் வாத்தியத்துக்கு முழுப் பீப்பாய் வேண்டும். அப்புறம் நெருப்பில் காட்டித் தகட்டை இறுக்க வேண்டும்.

இதுவரைக்கும் நல்ல கொல்லன் எவனும் செய்துவிடுவான். இனிமேல்தான் சுருதி. அடியிலிருந்து தட்டிச் சுரத்தைப் புடைக்க வைத்து, மேலிருந்து தட்டித் தணித்து, ஓரத்தை இளக்கி, மறுபடி தட்டி, அந்தச் சுரம் மட்டும் சரியாக ஒலித்தால் போதாது. ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதன் மேல் ஸ்தாயி ஒலிக்க வேண்டும், அதற்கும் மேலே இருக்கிற பஞ்சமம் ஒலிக்க வேண்டும். ஒரு புடைப்பின் நீளவாட்டத்தில் ஒன்று, அகலவாட்டத்தில் இன்னொன்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். பக்கத்துச் சுரம் நகரும். அப்புறம் அதைச் சரிசெய்யப் போனால் இது கெடும். வெறும் தகர ஒலிக்கும் பான் என்று நாம் கேட்கிற அந்த மணிக்குரலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த உள்ளொலிகளைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது. இது புத்தகத்தில் இல்லை. மணிக்கட்டில் இருக்கிறது, காதில் இருக்கிறது. டிரினிடாட்டில் சுருதி சேர்ப்பவர்கள் இதை எளிதில் யாருக்கும் காட்ட மாட்டார்கள். அது அவர்களின் பிழைப்பு. குழுவுக்குக் குழு ஒலியே வேறாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்வேடர்ஸ் வருகிறது என்று சொல்லிவிடலாம் என்பார்கள். வாத்தியத்துக்குள் சுரங்களை எந்த இடத்தில் வைப்பது என்பதுகூட ஆளுக்கு ஆள் மாறும். மானெட்டின் அமைப்பு ஒன்று, ஆந்தனி வில்லியம்ஸ் சிலந்திவலை போல அமைத்தது இன்னொன்று. பொதுவான பாடத்திட்டம் என்று ஒன்று உருவாகவே முடியாத நிலை.

ஆனால் பள்ளிக்கூடம் இருந்தது. பான் வைத்திருக்கிற திறந்த முற்றம்தான் பள்ளிக்கூடம். கட்டணம் கிடையாது, சேர்க்கை கிடையாது. வாசலில் நின்று பார்க்கிற சிறுவன் ஒருநாள் இரும்பைத் தூக்கி வைக்கச் சொன்னால் தூக்கி வைப்பான், அப்புறம் கடைசி வரிசையில் நிற்பான். இசையமைப்பவர் ஒரு துண்டை வாசித்துக் காட்டுவார், பக்கத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்வான், அவனைப் பார்த்து அடுத்தவன். சுரக்குறிப்புத் தாள் கிடையாது. இப்படித்தான் நூறு பேர் சேர்ந்து எட்டுப் பத்து நிமிட உருப்படியைச் சில வாரங்களில் மனப்பாடமாக வாசிக்கிறார்கள். 1963இல் தொடங்கிய 'பானரமா' போட்டியில் வாசிப்பவர்களில் ஏராளமானோர் குறிப்பு படிக்கத் தெரியாதவர்கள். அந்த முற்றங்களில் இந்திய வம்சாவளிக்காரரும் வளர்ந்தார்கள். ரெனகேட்ஸ் குழுவுக்கு ஒன்பது முறை பட்டம் வாங்கிக்கொடுத்த இசையமைப்பாளர் ஜித் சமரூ அப்படி ஒருவர்.

முற்றத்துக்கு வெளியிலிருந்து முதலில் வந்த ஆசிரியர் ஒரு போலீஸ் பேண்டுக்காரர் என்பது வரலாற்றின் கிண்டல். 1951இல் பிரிட்டன் திருவிழாவுக்குப் போக, ஒன்றோடொன்று வெட்டிக்கொண்டிருந்த குழுக்களிலிருந்து ஆளுக்கு ஒருவராக எடுத்து 'டாஸ்போ' என்ற குழுவை உண்டாக்கினார்கள். பயிற்சி கொடுத்தவர் பார்படோஸில் பிறந்த லெப்டினன்ட் ஜோசப் கிரிஃபித். பன்னிரண்டு சுரமும் இருந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பாஸ் வாத்தியத்தில் அத்தனையும் ஒரு பீப்பாயில் அடங்காது என்றபோது, அடங்காவிட்டால் ஒரே ஆள் இரண்டு மூன்று பீப்பாய் வைத்து வாசிக்கட்டும் என்று வழி காட்டியவரும் அவர்தான். குறிப்பு படிக்கவும் கற்றுக்கொடுத்தார். 1951 ஜூலை 26 அன்று லண்டன் தேம்ஸ் நதியின் தென்கரையில் டாஸ்போ வாசித்தது. மானெட் அதில் இருந்தார். நிறுவனக் கல்வி என்றாலே எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று எழுதித் தீர்க்கிற நம் விமர்சகர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கிரிஃபித் இல்லாவிட்டால் இன்றைய பான் இல்லை. ஆனால் கிரிஃபித்தின் கேள்விக்குச் சுத்தியலால் பதில் சொன்னவர்கள் முற்றத்துக்காரர்கள். அவர் கேட்டார், இவர்கள் அடித்து உண்டாக்கினார்கள்.

டாஸ்போ ஊர் திரும்பியபோது ஸ்டெர்லிங் பெட்டன்கூர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். அதே 1951இல் பியானோ சுருதி சேர்க்கப் படிக்கிறேன் என்று லண்டன் வந்தவர் ரஸ்ஸல் ஹெண்டர்சன். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள், கற்றுக்கொடுத்தார்கள். 1958இல் நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். எட்டு ஆண்டு கழித்து 1966இல் அதே பகுதியில் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா வைத்து ஹெண்டர்சன் குழுவைக் கூப்பிட்டார். ஒரே இடத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்த குழு கழுத்தில் பானை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. கதவைத் திறந்துகொண்டு ஜனங்கள் பின்னால் வந்தார்கள். இன்றைய நாட்டிங் ஹில் கார்னிவலின் தெரு ஊர்வலத்துக்கு அதுதான் தொடக்கம்.

அப்புறம் பான் பள்ளிக்கூடத்துக்குள் போனது. 1970களிலும் 80களிலும் லண்டன் பள்ளிகளில் கரீபியர்கள் ஆசிரியர்களாகச் சென்று குழுக்களை உண்டாக்கினார்கள். அப்போது இனவெறிக்கு எதிரான கல்வியாளர்களிடமிருந்தே ஒரு கிண்டல் கிளம்பியது: புடவை, சமோசா, ஸ்டீல்பேண்ட், பன்முகக் கல்வி என்றால் இவ்வளவுதானா என்று. கேள்வி நியாயமானது. கறுப்பினப் பையனைக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் கீழ் வகுப்பில் தள்ளிவிட்டு, கையில் இரண்டு குச்சியைக் கொடுத்து உன் பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்வது ஒரு நேர்த்தியான ஏமாற்று. ஆனால் கிண்டலடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. புடவையும் சமோசாவும் ஒருநாள் கண்காட்சிக்கு வந்துபோகிற பொருட்கள். பான் தினமும் பயிற்சி கேட்கிற வித்தை. அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவன் சம்பளம் வாங்கி ஆசிரியராக வகுப்புக்குள் நிற்க வேண்டும். பள்ளியில் தன் நிறத்தில் ஆசிரியரையே பார்க்காத பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. பானைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடுங்கியது பள்ளி. அந்தக் குற்றத்தைப் பான்மேல் போட வேண்டியதில்லை.

மானெட் போனது வேறு வழி. சுதந்திரத்துக்குப் பிறகு டிரினிடாட்டில் பான் குழுக்களைக் கம்பெனிகள் தத்தெடுக்க ஆரம்பித்தன. இன்வேடர்ஸ், 'ஷெல் இன்வேடர்ஸ்' ஆனது. பீப்பாய் செய்தவனுக்கே பீப்பாய்க்குள்ளிருந்த எண்ணெய்க் கம்பெனி புரவலர். ஏர்ல் லவ்லேஸ் 1979இல் எழுதிய 'தி டிராகன் கான்ட் டான்ஸ்' நாவலில் ஃபிஷ்ஐ என்கிற சண்டியர் தன் பேட்டைக் குழு கம்பெனிப் பெயரை ஏற்பதைத் தாங்க முடியாமல் குமுறுகிறான். அந்தக் காலகட்டத்தின் கசப்பைப் புரிந்துகொள்ள ஆய்வு நூல்களைவிட அந்த நாவல் உதவும். மானெட் 1967இல் நியூயார்க் போய்விட்டார். லோயர் ஈஸ்ட் சைடில் தெருக் கும்பல்களில் சிக்கிய இளைஞர்களோடு வேலைசெய்துகொண்டிருந்த மரே நாரெல் என்ற சமூகப் பணியாளர், அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியம் செய்துகொடுக்க அவரைக் கூப்பிட்டிருந்தார். ஊரில் சிலர் துரோகி என்றார்கள். நாட்டின் சொத்தை அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று.

கும்பல் சண்டையில் வளர்ந்த ஒருவர் இன்னொரு நாட்டுக் கும்பல் பிள்ளைகளுக்குச் சுத்தியலோடு வந்து நிற்பதைக் கற்பனைசெய்து பார்க்கலாம். ஆனால் அதைவிட முக்கியமானது அடுத்த இருபது ஆண்டில் நடந்தது. அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டீல்பேண்ட் தொடங்கின. வாத்தியத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்கள். பான் அப்படிப்பட்டதல்ல. அடி வாங்கி வாங்கிச் சுருதி நகரும். சுருதி சேர்க்கிறவன் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். அத்தனை பெரிய நாட்டில் அந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு, பெரும்பாலும் டிரினிடாட்டிலிருந்து வந்தவர்கள், வயசாகிக்கொண்டிருந்தவர்கள். மானெட் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் செத்தால் அந்தக் குழுக்கள் எல்லாம் மறுபடி தகரமாகிவிடும்.

1991இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. கொஞ்ச காலத்துக்கு என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நிலக்கரிச் சுரங்க மாநிலம், மலைநாடு, வெள்ளைக்காரர்களே பெரும்பாலும் வாழ்கிற இடம், பலர் ஏழைகள். மார்கன்டவுனில் கரீபியர் குடியிருப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அங்கே அவர் தொடங்கியது வாசிப்பு வகுப்பு மட்டுமல்ல, சுருதி சேர்க்கும் வகுப்பு. குழிப்பது, வரப்புப் போடுவது, நெருப்பில் காட்டுவது, உள்ளொலி சேர்ப்பது என்று டிரினிடாட்டில் மூடி வைத்திருந்த அத்தனையையும் மாணவர்களுக்குத் திறந்து காட்டினார். காதோடு ஸ்ட்ரோப் கருவியும் வந்தது. காதால் தெரிந்ததைக் கருவி எண்ணாகக் காட்டியது, எண்ணாகியதைச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. சுத்தியலைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்லி, தப்பான அடியைக் காட்டி, மறுபடி அடிக்கச் சொல்லி வருஷக்கணக்கில். பட்டறையில் குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிற பழைய முறைதான் அது, பல்கலைக்கழகக் கூரைக்குள்.

நம் வாசகர்களுக்கு இங்கே பறை ஞாபகத்துக்கு வந்திருக்கும். இணைவைத்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு வித்தியாசத்தை மழுப்பக்கூடாது. பறை ஒரு சாதியின் மேல் கட்டாயத் தொழிலாகச் சுமத்தப்பட்டது. அடிக்க மறுப்பதே விடுதலையாக இருந்த காலமும் உண்டு. பான் அப்படி இல்லை. அடிக்காதே என்று சொன்னதால் அடிக்கப்பட்டது. ஆகவே 'யார் வேண்டுமானாலும் கற்கலாம்' என்ற வாசகம் இரண்டு இடத்திலும் ஒரே அர்த்தம் தராது.

சரி, துரோகமா? நான் அப்படி நினைக்கவில்லை. கைக்குள் மூடிவைத்து எந்தக் காலத்திலும் பிழைத்த வாத்தியமல்ல அது. மூங்கில்காரனைப் பார்த்துத் தகரக்காரன், தகரக்காரனைப் பார்த்துப் பீப்பாய்க்காரன் என்று திருடித் திருடித்தான் வளர்ந்தது. இரகசியம் என்பது பிற்பாடு, பிழைப்பு இறுகியபோது வந்தது. மானெட் வெளியிட்டது ஒருவர் கண்டுபிடித்த சூத்திரத்தை அல்ல, தன் கைப்பழக்கத்தை. எடுத்துக்கொண்டு போவது என்றால் என்ன என்பதற்கு வேறு உதாரணம் உண்டு. 2001இல் அமெரிக்கர் இருவர் பானை அழுத்த இயந்திரத்தால் செய்கிற முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். டிரினிடாட் கொதித்துப்போனது. அவர்கள் பதிவுசெய்தது ஒரு தயாரிப்பு முறையைத்தான், வாத்தியத்தை அல்ல என்று சட்டம் பேசலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒருவர் தன்னுடையதை அந்நியர் கையில் கொடுத்துக் கற்பிக்கிறார். இன்னொருவர் அந்நியருடையதை வேலி போட்டு மற்றவரைத் தள்ளி நிறுத்துகிறார். இரண்டுக்கும் சேர்த்து 'பண்பாட்டுக் கொள்ளை' என்று ஒரே லேபிள் ஒட்டினால் கொள்ளைக்காரனுக்குத்தான் லாபம்.

ஆனாலும் நஷ்டம் இல்லையென்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் முற்றம் இல்லை. வாசலில் நிற்கிற சிறுவன் இல்லை. உள்ளே வருபவன் கட்டணம் கட்டி வருகிறான், குறிப்புத்தாளைப் பார்த்து வாசிக்கிறான், நான்கு ஆண்டில் போய்விடுகிறான். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கற்கிற அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. முற்றத்தில் வாசிப்பும் பேட்டை விசுவாசமும் ஒன்று. இங்கே அது ஒரு விருப்பப் பாடம். குறிப்பு படித்து வாசிப்பதால் பத்து உருப்படியை ஒரு பருவத்தில் தொடலாம், முற்றத்தில் ஒன்றுதான் முடியும் என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த ஒன்றைப் பத்து வருஷம் கழித்தும் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்லலாம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டையும் சேர்த்துக் கட்டப் பார்த்தவர் ஒருவர் உண்டு, கிளிஃப் அலெக்ஸிஸ். அவரும் டிரினிடாட்டிலிருந்து 1960களில் குடியேறியவர். மினசோட்டாவில் செயின்ட் பால் நகரப் பள்ளியில் பல ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பாட்டு எழுதுவார், வாத்தியம் செய்வார், சுருதியும் சேர்ப்பார். 1985இல் வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1973 முதலே ஸ்டீல்பேண்ட் இருந்தது, பிறகு பானில் பட்டப்படிப்பே வந்தது. சான் ஃபெர்னாண்டோவிலிருந்து லியம் டீக் என்ற இளைஞர் அங்கே மாணவராக வந்து, அங்கேயே பேராசிரியராகி அந்தக் குழுவை நடத்தினார். 1884இல் ஊர்வலம் உள்ளே வரக்கூடாது என்று சுட்டார்களே, அதே சான் ஃபெர்னாண்டோ. முற்றத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் வருவதற்கும் ஒரு வழி திறந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அது ஒருவர் இருவருக்குத் திறக்கிற வழி என்பதும் எனக்குத் தெரிந்தே இருக்கிறது.

மானெட்டுக்கு 1999இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருது கிடைத்தது. ஊர் அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டது: 2000இல் டிரினிடாட் அரசு சகோனியா பதக்கம் கொடுத்தது, மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. முன்பு துரோகி என்று சொன்ன வாய்கள் அப்போது என்ன சொல்லின என்று தேடிப் பார்க்க ஆசை. 2018இல் மார்கன்டவுனில் இறந்தார். அலெக்ஸிஸ் அடுத்த வருஷமே போனார்.

1992இல் பிரதமர் மேனிங் வாயால் தேசிய வாத்தியம் என்று அறிவித்த பானுக்கு 2024இல்தான் சட்ட அந்தஸ்து வந்தது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாளாக்கியது. 2025 ஜனவரியில் டிரினிடாட் நாடாளுமன்றம் தேசியச் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பானை வைத்தது. சின்னத்தில் உள்ள பானுக்குச் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. பள்ளிகளில் உள்ளவற்றுக்கு வேண்டும். அந்த வேலைக்கு இன்றைக்கு அமெரிக்காவில் சுத்தியலை எடுத்துக்கொண்டு போகிறவர்களில் பலர் மார்கன்டவுன் பட்டறையில் உட்கார்ந்து பழகியவர்கள். அவர்களில் பெண்களும் உண்டு.